புதுப்பிப்பு: கூப்பிட்டால் திரும்பாத மகன், மதிப்பீடு முடிந்தது

ஆறு வயது மகன் கூப்பிட்டால் திரும்புவதில்லை. காதில் கோளாறா, ஆட்டிசமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

முதலில் செவித்திறன் சோதனை. காது நன்றாகவே இருக்கிறது. பிறகு குழந்தை வளர்ச்சி மருத்துவர். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஆட்டிசத்தைக் காட்டாது என்பதால் விளையாடவிட்டுக் கவனித்தார், எங்களையும் துருவித் துருவிக் கேட்டார். கைகொடுத்தது, வீட்டு வீடியோக்களைக் கொண்டுபோகச் சொன்ன உங்கள் யோசனைதான். புது அறையில் அவன் வாயே திறக்கவில்லை. முடிவு: ஆட்டிசம், முதல் நிலை (மூன்று நிலைகளில் குறைவான உதவி தேவைப்படுவது).

"கதவைப் பார்த்துக்கொள்" என்றால் கதவையே உற்றுப் பார்த்தபடி நிற்பான். சொன்னதை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிறான் என்று தெரியாமல், குறும்பு என்று திட்டியிருக்கிறேன். இப்போது "யாராவது வந்தால் என்னைக் கூப்பிடு" என்கிறேன். ஓடி வந்து கூப்பிடுகிறான்.

எதிர்பாராதது: மகனைப் பற்றிய மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பும்போது பாதிக் கேள்விகளுக்கு என் கணவர், "சின்ன வயதில் நானும் இப்படித்தான்" என்றார்.