ஆவணப்படத்தை நம்பிப் பிழைக்க முடியுமா?

கோரிமேட்டான்:
விஸ்காம் முடித்துவிட்டு இப்போது கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். நம்ம சேலம் செட்டிச்சாவடி பக்கம் மேக்னசைட் கனிமச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஆசை. ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் மாதிரி ஆட்கள் அரசியல் படமாகவே எடுத்து இத்தனை வருஷம் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்? வீட்டில் கேட்கிறார்கள், பதில் இல்லை.

அஸ்தம்பட்டி அண்ணன்:
தம்பி, அவர் பெரும்பாலும் தானே கேமரா பிடித்து தானே எடிட் செய்தவர், அதனால் செலவு குறைவு. ஆனால் காலம்? 1997இல் மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிப்பை எதிர்த்துக் கூடிய தலித் மக்கள் மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் செத்தார்கள். மனம் நொந்து தற்கொலை செய்துகொண்ட பாடகர் விலாஸ் கோக்ரே, பட்வர்தனின் முந்தைய படத்தில் பாடியவர். அங்கே தொடங்கிய 'ஜெய் பீம் காம்ரேட்' 2011இல்தான் வெளிவந்தது. 14 வருஷம்! அப்புறம் கோர்ட். 'வார் அண்ட் பீஸ்' படத்தில் தணிக்கை வாரியம் வெட்டச் சொன்னதற்கு மறுத்து, பம்பாய் உயர் நீதிமன்றம் போய், ஒரு வெட்டும் இல்லாமல் வெளியிட்டார். இந்தத் தொழிலில் பாதி வக்கீல் ஆபீஸ்தான்.

குகைவாசி:
மும்பை வரை எதற்கு? மதுரையில் துப்புரவுத் தொழிலாளி ஒருவரைப் பற்றி அமுதன் 'பீ' எடுத்தது 2003இல். மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றிய திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017இல் வந்தபோது பல இடங்களில் திரையிட விடவில்லை, வழக்கும் போட்டார்கள், கடைசியில் யூடியூபில்தான் ஊரே பார்த்தது. பார்த்தவர் எண்ணிக்கை சோறு போடாது, அது வேறு விஷயம். மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர் என்று நாம் பெருமை பேசுகிறோம், ஆவணப்படம் போட மண்டபம் கேட்டால் "பிரச்சனை வராதுல்ல?" என்பதுதான் முதல் கேள்வி.

மலையடிவாரம்:
கல்யாண வீடியோவை விட்டுடாதீங்க தம்பி, இந்தப் படத்துக்குத் தயாரிப்பாளரே அதுதான். மேக்னசைட்டோடு நிறுத்தவும் வேண்டாம். சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறக்கிய காலத்தை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்காங்க, வயசாகுது, அவங்களை முதலில் பாருங்க. போன உடனே கேமராவைத் தூக்காதீங்க. அனுமதி இல்லாமல் சுரங்கத்துக்குள்ளும் நுழையாதீங்க.

கோரிமேட்டான்:
சரிங்கண்ணா. தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல் ஊரில் போடலாமா?

அஸ்தம்பட்டி அண்ணன்:
பொதுத் திரையிடலுக்குச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும், ஆவணப்படத்துக்கும்தான். யூடியூபுக்கு வேண்டாம். எடுத்து முடி முதலில், விண்ணப்பத்துக்கு நான் வருகிறேன்.