பெரிய குண்டு போட்டால் ஊசல் மெதுவாக ஆடுகிறது. எந்த மாறியை விட்டுவிட்டேன்?

ஒன்பதாம்வகுப்பு_நிலா:
எல்லோருக்கும் வணக்கம். தனி ஊசலில் குண்டின் நிறை கூடினால் அலைவுக் காலம் (ஒருமுறை போய்த் திரும்பி வர ஆகும் நேரம்) மாறுமா என்று சோதனை செய்துகொண்டிருக்கிறேன். சாரா மாறி, அதாவது நான் மாற்றுவது, நிறை. சார்ந்த மாறி, அதாவது நான் அளப்பது, அலைவுக் காலம். அதே கொக்கி, அதே 25 செ.மீ. நூல், ஒரே கோணம். 1 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குண்டுக்கு 20 அலைவுகள் முடிய 20.3 விநாடி ஆகிறது. 5 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குண்டுக்கு 21.1 விநாடி. திரும்பத் திரும்ப எடுத்தாலும் கிட்டத்தட்ட இதேதான் வருகிறது. புத்தகத்தில் நிறைக்கும் அலைவுக் காலத்துக்கும் சம்பந்தமில்லை என்று போட்டிருக்கிறது. டீச்சர் என் நோட்டில் "மாறாமல் வைத்த மாறிகள் எவை?" என்று எழுதியிருக்கிறார். என் தங்கையின் உமிழ்நீர்ச் சோதனையில் "கட்டுப்பாட்டு அமைப்பு எங்கே?" என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

கோணமானி:
எவ்வளவு கோணம் இழுத்து விடுகிறாய்? 60 டிகிரி வரை இழுத்தால் அலைவுக் காலமே ஏறக்குறைய 7 சதவீதம் கூடிவிடும். 10 டிகிரிக்குள் என்றால் பிரச்சினை இல்லை.

ஒன்பதாம்வகுப்பு_நிலா:
10 டிகிரிதான் அண்ணா, கோணமானி வைத்து அளந்தேன்.

ஊசல்_வாத்தியார்:
நிலா, முதலில் அந்த இரண்டு எண்களையும் அழித்துவிடாதே. அளவு சுத்தமாக இருக்கிறது. புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லையே என்று பிள்ளைகள் எண்ணைத் திருத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். அந்த 0.8 விநாடியில்தான் உன் பாடமே இருக்கிறது.

ஊசலின் நீளத்தைக் கொக்கியிலிருந்து குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். நூல் 25 செ.மீ. என்றால் சின்னக் குண்டுக்கு மையம் வரை 25.5, பெரிய குண்டுக்கு 27.5. அலைவுக் காலம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 27.5-ஐ 25.5-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடு: சுமார் 1.038. அதை 20.3-ஆல் பெருக்கிப் பார், 21.1 வந்து நிற்கும். நிறையை மட்டும் மாற்றியதாக நீ நினைத்தாய், கூடவே நீளமும் 2 செ.மீ. மாறிவிட்டது.

மாறாமல் வைக்கும் மாறிகளை எழுதச் சொன்னால் அதே மேசை, அதே அறை, அதே கடிகாரம் என்று பலரும் அடுக்குவார்கள். தப்பில்லை, ஆனால் அதில் பாதி விடையைத் தொடாது. நான் கேட்கச் சொல்வது வேறு: ஒன்றை மாற்றும்போது அதோடு ஒட்டிக்கொண்டு எது மாறுகிறது? நீர்ச்செடிக்குப் பக்கத்தில் விளக்கை நகர்த்தி, ஒளி கூடினால் ஆக்ஸிஜன் குமிழிகள் கூடுகின்றனவா என்று எண்ணுகிறோம் இல்லையா? குமிழ் விளக்கு கிட்டே வந்தால் தண்ணீரும் சூடாகும். குமிழிகள் கூடியது வெளிச்சத்தாலா, சூட்டாலா? அதனால்தான் நடுவில் ஒரு கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்து வெப்பத்தைத் தடுப்பார்கள். வெப்பமானியும் செடி இருக்கும் நீரிலேயே இருக்க வேண்டும்.

உன் சோதனைக்கு இரண்டு வழி. ஒரே அளவுள்ள மரக் குண்டு, இரும்புக் குண்டு எடுத்துக்கொள். இல்லையென்றால் பெரிய குண்டுக்கு நூலை 2 செ.மீ. குறை. எப்படிச் செய்தாலும் குண்டைத் தொங்கவிட்ட பிறகுதான் நீளத்தை அள. கனம் ஏறினால் நூல் கொஞ்சம் இழுபடும், மேசையில் கிடத்தி அளந்தால் அது தெரியாது.

விதைமுளை:
இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், உயிரியல் எடுப்பவள். இரண்டும் ஒன்றில்லை மா. மாறாமல் வைத்த மாறி எல்லாக் குழாய்க்கும் பொது: ஒரே அளவு ஸ்டார்ச், 37 டிகிரி, ஒரே நேரம். கட்டுப்பாட்டு அமைப்பு என்பது தனியாக ஒரு குழாய். ஸ்டார்ச் இருந்தால் அயோடின் கருநீலமாகும். உமிழ்நீர் விட்ட ஸ்டார்ச்சில் சிறிது நேரம் கழித்து அயோடின் சொட்டினால் கருநீலம் வராது, உமிழ்நீர் ஸ்டார்ச்சைச் சிதைத்துவிடும். சரி, உமிழ்நீர் இல்லாமலே வெதுவெதுப்பில் ஸ்டார்ச் சிதைந்திருந்தால்? அந்தச் சந்தேகத்துக்கு இன்னொரு குழாயில் உமிழ்நீருக்குப் பதில் அதே அளவு தண்ணீர். அங்கே கருநீலம் வரவேண்டும். கொதிக்கவைத்து ஆறிய உமிழ்நீரோடு மூன்றாவது குழாயும் வைத்தால், வேலை செய்தது நொதிதான் என்ற இடத்துக்கு நெருங்கிவிடலாம். கொதித்தால் உமிழ்நீரில் உள்ள நொதியான அமைலேஸ் செயலிழந்துவிடும், மற்றபடி அது உமிழ்நீர்தான்.

வாத்தியார் சொன்ன "ஒட்டிக்கொண்டு வருவது" இங்கேயும் உண்டு. இறைச்சியில் புழு தானாகவே உருவாகிறதா என்று பார்க்க இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி செய்து 1668-இல் வெளியிட்ட சோதனையை எடுத்துக்கொள். திறந்த ஜாடியில் இருந்த இறைச்சியில் புழு வந்தது, மூடிய ஜாடியில் வரவில்லை. ஆனால் மூடினால் ஈயோடு காற்றும் தடைபடுகிறதே என்று கேட்கலாம். ஆகவே மெல்லிய வலைத்துணி கட்டிய ஜாடிகளும் வைத்தார். காற்று போகும், ஈ போகாது. அப்போதும் இறைச்சியில் புழு இல்லை. எனக்கு அந்தத் துணி ஜாடி மேல் தனிப் பிரியம்.

ஒன்பதாம்வகுப்பு_நிலா:
ரொம்ப நன்றி மேடம், நன்றி சார். அப்படியானால் என் ஊசலுக்குக் கட்டுப்பாட்டு அமைப்பு எது? குண்டே இல்லாத நூலா?

ஊசல்_வாத்தியார்:
வேண்டாம். குண்டில்லாத நூல் ஊசலாகவே ஆடாது, அதிலிருந்து எதுவும் தெரியவராது. இங்கே ஒவ்வொரு நிறையையும் மற்றதோடு ஒப்பிடுகிறோம், அதுவே போதும். "தனிக் கட்டுப்பாட்டு அமைப்பு தேவையில்லை, காரணம் இது" என்று ஒரு வரி எழுது, டீச்சர் ஏற்றுக்கொள்வார்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள். இலேசான குண்டை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் கனமானதற்குப் போகாதே. மாற்றி மாற்றி எடு. கடிகாரத்தை அழுத்துகிற விரல் போகப்போகப் பழகிவிடும், அந்தப் பழக்கம் ஒரே குண்டின் பக்கம் சேரக்கூடாது. அட்டவணையில் "குண்டின் மையம் வரை நீளம்" என்று ஒரு பத்தி சேர்த்து, பழைய 20.3, 21.1 இரண்டையும் முதல் வரிசைகளாக அப்படியே வை.