யூஜினாலில் 146.5, 143.9: எது எந்தக் கார்பன்?

கிராம்பு எண்ணெயிலிருந்து பிரித்த யூஜினாலின் கார்பன்-13 என்எம்ஆர் (அணுக்காந்த ஒத்ததிர்வு) நிறமாலையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கரைப்பான் டியூட்டீரியம் ஏற்றிய குளோரோஃபார்ம். 55.9 பிபிஎம் (உச்சி நிற்கும் இடத்தின் அலகு) மெத்தாக்சி, 39.9 அல்லைல் தொகுதியின் சிஎச்2, இவற்றில் சந்தேகமில்லை. 115.5, 114.3 இரண்டும் ஒட்டி நின்று மிரட்டின. சிஎச்2 உச்சிகளைத் தலைகீழாகக் காட்டும் டெப்ட்-135 சோதனை எடுத்ததும் 115.5 தலைகீழாக விழுந்தது, ஆகவே அது இரட்டைப் பிணைப்பின் முனையிலுள்ள சிஎச்2.

சிக்கல் 146.5, 143.9 இரண்டிலும்தான். ஹைட்ராக்சில், மெத்தாக்சி தாங்கிய, ஹைட்ரஜன் இல்லாத கார்பன்கள், டெப்டில் தலைகாட்டுவதே இல்லை! அல்லைலுக்குப் பதில் ஆல்டிஹைடு உள்ள வனிலினில் ஹைட்ராக்சில் தாங்கிய கார்பன் 151.7, மெத்தாக்சி தாங்கியது 147.2. யூஜினாலில் இந்த வரிசை மாறி, மெத்தாக்சிக் கார்பனே 146.5 என்கிறார் நண்பர். ஹைட்ராக்சிலுக்குப் பாரா இடத்தில் (வளையத்தில் நேர் எதிரே) ஆல்டிஹைடு இல்லாததுதான் காரணமா? ஆர்த்தோவில் (அடுத்தடுத்த இடங்களில்) இரண்டு ஆக்சிஜன்கள் நெருங்கியிருக்கும்போது, ஒவ்வொரு தொகுதியின் விளைவையும் கூட்டி உச்சியின் இடத்தைக் கணிக்கும் பதிலீட்டுக் கூட்டல் கணக்கை எந்த அளவு நம்பலாம்? சில பிணைப்புகள் தள்ளியுள்ள ஹைட்ரஜன், கார்பன் தொடர்பைக் காட்டும் எச்எம்பிசி சோதனை எடுக்க இப்போதைக்கு வழியில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.