புதுப்பிப்பு: காலமான தந்தையின் துப்பாக்கிக்கு வாரிசு உரிமம் (தொண்டி)

காலமான தந்தையின் ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு என் பெயரில் உரிமம் பெற முடியுமா என்று தொண்டியிலிருந்து கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. துப்பாக்கியை முதலில் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறுங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. அந்த ரசீது, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உடன்பிறந்தோரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றுடன் இராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். காவல்துறை விசாரணைக்குப் பின் உரிமம் கிடைத்துவிட்டது.

நான் எதிர்பாராதது, 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி வாரிசும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் தர வேண்டும் என்பதுதான். குழலை மடக்கித் திறந்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்கும்வரை அதைக் குண்டு நிரப்பிய துப்பாக்கியாகவே கருத வேண்டும் என்று பயிற்றுநர் சொன்னதை, பிள்ளைகள் உள்ள வீட்டார் அவசியம் மனத்தில் கொள்ளுங்கள். 2019 சட்டத் திருத்தத்தின்படி உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.