‘மெமோரியல்’ என்பதற்கு ‘நினைவுமனு’ வேண்டாம், ‘குறையுரை’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தில் சாதாரண மக்கள் அரசுக்கு எழுதிய ‘மெமோரியல்’களை நம் தமிழ் மொழிபெயர்ப்பில் எப்படி அழைப்பது என்று நான்கு நாட்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். நினைவுமனு, விண்ணப்பம், முறையீடு, மகஜர் என்று இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. எல்லா மடல்களையும் படித்தேன். நான் ஐந்தாவதாக ஒன்றைச் சொல்லப்போகிறேன். அதற்கு முன், அந்தத் தாள்களில் ஒன்றையாவது நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். இதுவரை நாம் ஆங்கிலச் சொல்லைப் பார்த்தே பேசினோம், தாளைப் பார்த்துப் பேசவில்லை.

அயர்லாந்தின் வடமேற்கில் டோனகால் மாவட்டம். அதில் குவீடோர் பக்கம் மேற்கு டல்லகோபெக்லி என்று ஒரு பங்கு, அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம். 1837இல் அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த பாட்ரிக் மக்கை, டப்ளினில் இருந்த வைஸ்ராய் மல்கிரேவ் பிரபுவுக்கு ஒரு மெமோரியல் எழுதினார். தம் பங்கு மக்களைப் போலப் பசியும் வறுமையும் ஆடையின்மையும் வாட்டும் மக்களைத் தாம் எங்கும் கண்டதில்லை என்று தொடங்குகிறார். அயர்லாந்தின் ஒன்பது மாவட்டங்களில் சில பகுதிகள், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லாம் பார்த்தவர், அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் 2,253 மைல் சுற்றியவர் என்று தம் தகுதியையும் சொல்லிவிடுகிறார். ‘சுற்றினேன்’ என்பதற்கு அவர் எளிய சொல்லைப் போடவில்லை, படித்தவர்கள் எழுதும் நீளமான லத்தீன வழிச் சொல் ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டிருக்கிறார். தமிழில் அந்த இடத்துக்கு ‘சஞ்சரித்திருக்கிறேன்’ என்பதுதான் பொருந்தும். ஊரில் எழுதத் தெரிந்த மனிதர், ஆட்சி நடக்கும் டப்ளின் கோட்டைக்குப் போகும் தாள் என்பதால் தம்மிடம் இருந்த மிக நல்ல சொல்லை எடுத்து வைக்கிறார்.

பிறகு எண்ணத் தொடங்குகிறார். பங்கு முழுவதிலும் வண்டி 1. கலப்பை 1. மண்வாரி 20. வாருகோல் 32. மேசை முள்கரண்டி 7. நாற்காலி 93. முதுகுசாய்வு இல்லாத மணை 243. பெருவாத்து 27. வான்கோழி 3. இறகு மெத்தை 2. சட்டைப்பைக் கடிகாரம் 3, சுவர்க் கடிகாரம் இல்லை. பன்றி இல்லை. பழ மரம் இல்லை. காரட் இல்லை. மக்கள் வைக்கோலிலும் கோரையிலும் படுக்கிறார்கள் என்றும், போன ஆண்டு விளைச்சலில் விதை அழுகிப்போனதால் பட்டினி வாசலில் நிற்கிறது என்றும் எழுதுகிறார். அடுத்த ஆண்டு முதல் அந்தப் பகுதி நிலங்களை வாங்கிய லார்ட் ஜார்ஜ் ஹில் பின்னாளில் இதை அச்சில் வெளியிட்டதால் நாம் இன்று முழுமையாகப் படிக்க முடிகிறது.

இந்த மெமோரியலில் ‘கேட்பது’ எவ்வளவு, ‘சொல்வது’ எவ்வளவு என்று வரி எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய முழுவதும் சொல்வதுதான். இது மக்கையின் தனிப் பழக்கம் அன்று, வடிவமே அப்படி. முதலில் பெறுநரின் பட்டங்கள். அடுத்து ‘இன்னாரின் பணிவான மெமோரியல்’. அதன் பின் ஒற்றை வினைச்சொல், ‘காட்டுகிறது’ என்று பொருள்படும் பழைய ஆங்கில வடிவம். அந்த வினைக்குக் கீழே ஒவ்வொரு பத்தியும் ‘என்பதை’ என்று தொங்கும். என் தகப்பனார் படையில் இருந்தார் என்பதை, சென்ற குளிர்காலத்தில் கணவர் இறந்தார் என்பதை, ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை. எல்லாம் சொல்லி முடித்த பின் ‘ஆகவே’ என்று ஒரு கோரிக்கை. கடைசியில், தங்களுக்காக என்றும் கடவுளை வேண்டுவேன் என்ற முடிப்பு. மெமோரியல் என்ற பெயர் அந்த நடுப்பகுதிக்கு உரியது. ஆள்பவர் முன் செய்திகளை எடுத்து வைப்பது என்பதே இங்கே அதன் பொருள்.

இப்போது பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

‘நினைவுமனு’ சொல்லுக்குச் சொல் வைத்தது, அதனால்தான் தவறுகிறது. டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் 1840களில் அயர்லாந்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின் நினைவாக 1997இல் வைத்த சிலைகள் இருக்கின்றன. அவையும் ஆங்கிலத்தில் மெமோரியல்தான். பஞ்ச காலத்து மக்கள் எழுதிய மெமோரியல்களைப் பற்றிய பத்தியிலேயே அந்தச் சிலைகளும் வரக்கூடும். ஒரே பத்தியில் நினைவுச்சின்னமும் நினைவுமனுவும் வந்தால், பஞ்சத்தில் இறந்தவர்களின் நினைவாகக் கொடுத்த மனு என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார்.

‘விண்ணப்பம்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். பல்லவர் செப்பேடுகளில் விண்ணப்பம் செய்தவரும், அரசாணையை நிறைவேற்றும் ஆணத்தியும் அடுத்தடுத்து வருவார்கள். அரசன் காதில் ஒரு செய்தியைப் போடுவது என்ற பொருள் அதில் முழுமையாக இருந்தது. இன்றோ விண்ணப்பம் என்றால் கட்டம் போட்ட படிவம், புகைப்படம் ஒட்டும் இடம், கடைசித் தேதி. ‘முறையீடு’ நல்ல சொல், ஆனால் நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அதை எடுத்துக்கொண்டுவிட்டது. ‘மனு’ பொதுப்பெயராக இருக்கட்டும். பெட்டிஷன் என்று வரும் இடமெல்லாம் அதுவே போதும்.

யாழ்ப்பாணத்து அம்மையார் சொன்ன ‘மகஜர்’ மீது எனக்கு மரியாதை உண்டு. இலங்கைப் பத்திரிகைகளில் ‘மகஜர் கையளித்தனர்’ என்பது அன்றாட வழக்கு, பலர் கையெழுத்திட்டுக் கொடுப்பது என்ற பொருளும் துல்லியம். ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு மகஜர் என்றால் காவல்துறை பறிமுதல் செய்யும்போது சாட்சி வைத்து எழுதும் தாள். தவிரவும், அயர்லாந்துத் தாள்களில் பெரும்பகுதி தனி ஆள் எழுதியவை. கணவனை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்திய பின், தானும் பிள்ளைகளும் அங்கே போய்ச் சேர அரசுச் செலவில் கப்பல் இடம் கேட்டு எழுதிய மனைவியின் தாளை மகஜர் என்று சொல்ல மனம் வரவில்லை, அம்மா.

நான் முன்வைக்கும் சொல் ‘குறையுரை’. குறையை உரைப்பது. குறை என்ற சொல் தமிழில் இரண்டு தோள்களிலும் பாரம் சுமக்கும். ‘உங்களுக்கு என்ன குறை?’ என்று கேட்டால் என்ன வேண்டும் என்றும் பொருள், எது வருத்துகிறது என்றும் பொருள். குறையிரத்தல் என்று பழைய வழக்கும் இருக்கிறது. அதில் இரப்பு மட்டும் முன்னால் நிற்கிறது, அதனால் அதை விட்டேன். மக்கை இரக்கவில்லை, எண்ணிக் காட்டினார். ‘உரை’ அந்தக் காட்டுதலைப் பிடித்து வைக்கிறது.

பேராசிரியர் ஐயா எழுப்பக்கூடிய தடை எனக்குத் தெரியும். குறைந்த உரை, பாதியில் நின்ற உரை என்று படிக்க இடம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் குறைதீர் கூட்டம், குறைகேட்பு என்று அரசு வழக்கே நம் காதைப் பழக்கிவைத்திருக்கிறது. குறைகேட்பை யாரும் அரைகுறையாகக் கேட்பது என்று எடுத்துக்கொள்வதில்லை. எழுதியவர் குறையுரையாளர். பலர் சேர்ந்து எழுதியது கூட்டுக் குறையுரை. கைதிகள் தண்டனைக் குறைப்புக் கேட்டு எழுதியவற்றுக்கு மட்டும் ‘கருணை மனு’ என்பதையே வைத்துக்கொள்ளலாம். நிலைபெற்ற சொல்லை அசைக்க வேண்டியதில்லை.

இதோடு ஒட்டிய பதவிப்பெயர்களிலும் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்தவன் என்பதால் இவை எனக்கு உடனே உறுத்தின. லார்ட் லெப்டினன்ட் என்பவரைத் துணைநிலை ஆளுநர் என்று மாதிரி வரைவில் போட்டிருக்கிறார்கள். புதுச்சேரி நினைவுக்கு வந்துவிடும். அவர் அரசரின் நேர்ப் பிரதிநிதி, வைஸ்ராய் என்றே இருக்கட்டும். சீஃப் செக்ரட்டரி அங்கே தலைமைச் செயலாளர் அல்லர். அவர் நாடாளுமன்ற உறுப்பினர், ஆளும் கட்சிக்காரர், ஆட்சி மாறினால் தாமும் மாறுகிறவர். 1812 முதல் 1818 வரை அந்தப் பதவியில் இருந்த ராபர்ட் பீல் பின்னர் பிரிட்டனின் பிரதமரே ஆனார். ‘அயர்லாந்துச் செயலமைச்சர்’ என்றால் சரியாக இருக்கும்.

மூன்றாவதுதான் மிகப் பெரிய பள்ளம். அண்டர் செக்ரட்டரியை நம் தலைமைச் செயலகத்து வழக்கப்படி ‘சார்புச் செயலாளர்’ என்று எழுதியிருக்கிறார்கள். டப்ளினில் அவர்தான் அலுவலகத்தின் நிரந்தரத் தலைவர், நம் தலைமைச் செயலாளருக்கு ஒப்பானவர். 1838இல் டிப்பரரி மாவட்டத்து நீதிநடுவர்கள், ஒரு கொலைக்குப் பின் கடுமையான சட்டம் வேண்டும் என்று கோட்டைக்கு எழுதினார்கள். அவர்களில் பலர் நிலக்கிழார்கள். அண்டர் செக்ரட்டரி தாமஸ் டிரம்மண்ட் பதில் எழுதினார்: சொத்துக்கு உரிமைகள் இருப்பதுபோலக் கடமைகளும் உண்டு. அந்த வரி அயர்லாந்து முழுவதும் பரவியது. இதை எழுதியவரைச் சார்புச் செயலாளர் என்றால் கதையே புரியாது. ‘நிலைச் செயலர்’ என்று வைக்கலாமா? ‘கோட்டை’ மட்டும் நமக்கு வரமாக வாய்த்திருக்கிறது. அவர்களுக்கும் ஆட்சி என்றால் டப்ளின் கோட்டை, நமக்கும் கோட்டை என்றால் ஆட்சி. அடிக்குறிப்பே தேவையில்லை.

கோட்டைக்குள் போன தாளுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன், இன்னும் இரண்டு சொற்கள் அங்கே காத்திருக்கின்றன. 1818 முதல் வந்த கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றி எண் கொடுத்தார்கள். நம் அரசு அலுவலகங்களில் கடிதங்களுக்கு ‘ந.க. எண்’ போட்டுப் பழகியவர்களுக்கு இது சொந்த வீடு மாதிரி. தாளை நீளவாக்கில் மடித்து, வெளிமடிப்பில் யார், எங்கிருந்து, எப்போது, என்ன பொருள் என்று எழுதுவார்கள். இதை ‘மடிப்புக்குறிப்பு’ என்று சொல்லிப் பார்க்கிறேன். ‘மேலெழுத்து’ காசோலைக்குப் போய்விட்டது. அதே பொருளில் பிறகு ஒரு கடிதம் வந்தால், பழைய தாளை எடுத்துப் புதிய எண்ணோடு சேர்த்துவிடுவார்கள். ஆகையால் ஓர் ஆண்டில் எழுதியதைப் பல ஆண்டுகள் தள்ளித் தேட வேண்டியிருக்கும். கருணை மனு என்றால் தண்டித்த நீதிபதியிடம் கருத்துக் கேட்பார்கள். பல மனுக்களின் மேல் ஒரே வரிதான் எழுதியிருக்கும். அதற்குத் தமிழ் ஏற்கெனவே தயாராக இருக்கிறது: சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்.

அடுத்தது ‘அவர் குறி’. 1841 கணக்கெடுப்பின்படி அயர்லாந்தில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பலருக்கு வீட்டுமொழி ஐரிஷ், மனுவின் மொழி ஆங்கிலம். ஊர் ஆசிரியரோ எழுதத் தெரிந்த வேறொருவரோ எழுதிக் கொடுப்பார், உரியவர் கீழே ஒரு பெருக்கல் குறி கீறுவார். ‘கைநாட்டு’ என்றால் நமக்கு மை தடவிய கட்டைவிரல் நினைவுக்கு வரும், அது அங்கே இல்லை. நம் பழைய பத்திரங்களில் இதற்கென்றே இருந்த சொல் ‘தற்குறி’. எழுத்தறியாதவர் கையெழுத்துக்குப் பதில் இடும் தன் குறி. நாளடைவில் அந்தக் குறி இட்ட மனிதரையே இழிவாகச் சொல்லும் வசையாக அதை ஆக்கிவிட்டோம். இந்த மொழிபெயர்ப்பில் அதற்கு அதன் பழைய இடத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது என் உறுதியான விருப்பம். ‘இவர் தற்குறி இட்டார்’ என்று முதல் இடத்தில் மட்டும் விளக்கினால் போதும்.

நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவண அலுவலகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள் கணக்கெடுப்பு ஏடுகளில் மிகப் பெரும்பகுதி அதில் சாம்பலானது. கோட்டைத் தாள்கள் வேறு கட்டடத்தில், கோட்டைக் கோபுரத்திலேயே இருந்ததால் தப்பின. அரசு எண்ணிய மக்கள் மறைந்துபோனார்கள், தங்கள் குறையைத் தாங்களே உரைத்தவர்களில் எத்தனையோ பேர் பெயரோடும் ஊரோடும் இருக்கிறார்கள். அவர்கள் உரைத்ததைப் பெயரிலேயே வைத்திருக்கும் சொல் நமக்கு வேண்டும்.

இதில் நமக்கு என்ன என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். பஞ்ச காலத்தில் லண்டன் கருவூலத்திலிருந்து அயர்லாந்து நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்த சார்லஸ் டிரெவெலியன்தான் 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார், அடுத்த ஆண்டே திரும்ப அழைக்கப்பட்டார். இரண்டு நாடுகளின் தாள்களையும் ஒரே கைகள் புரட்டியிருக்கின்றன.

மக்கையின் முதல் வரிகளுக்கு என் வரைவு இது. திருத்துங்கள்:

‘அயர்லாந்து வைஸ்ராய், மேன்மை தங்கிய பிரபு அவர்கள் சமூகத்துக்கு, பாட்ரிக் மக்கையின் குறையுரை மிகப் பணிவுடன் காட்டிக்கொள்வதாவது…’

‘காட்டிக்கொள்வதாவது’ என்பதா, ‘தெரிவித்துக்கொள்வதாவது’ என்பதா? எனக்கு முதலாவதை விட மனமில்லை. பேராசிரியர் ஐயாவும் யாழ்ப்பாணத்து அம்மையாரும் சொல்ல வேண்டும்.