மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை: இப்போதா, குழந்தை பிறந்த பிறகா?

சாட்ஸ்வர்த் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 33. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் தொடக்கப் பள்ளி ஒன்றில் கற்பிக்கிறேன். பதினைந்து வயதிலிருந்தே என் மார்பகங்கள் என் உடலமைப்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. கழுத்தும் தோளும் வலிக்காத நாள் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. பிரா பட்டை அழுந்தி இரு தோள்களிலும் பள்ளம் விழுந்திருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை இங்கு நிலவும் புழுக்கத்தில் மார்பின் அடிமடிப்பில் தோல் சிவந்து புண்ணாகி, சில நாள் நீரும் கசிகிறது. களிம்பு தடவினால் ஆறும், அடுத்த வாரமே திரும்பி வரும். வகுப்புப் பலகையில் நெடுநேரம் எழுதினால் சுண்டுவிரல் மரத்துப் போகிறது.

என் குடும்ப மருத்துவர், மார்பகக் குறைப்பு பற்றி ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் கலந்து பேசும்படி சென்ற மாதம் சொன்னார். வீட்டில் சொன்னதும் அம்மா கலங்கிவிட்டார். இது அழகுக்காகச் செய்துகொள்வதுதானே, கடவுள் கொடுத்த உடம்பில் கத்தி வைக்கலாமா, நாளை ஒரு குழந்தை பிறந்தால் எப்படிப் பால் கொடுப்பாய் என்று கேட்கிறார். முதல் இரண்டு கேள்விகளுக்கும் என்னிடம் பதில் உண்டு. மூன்றாவதற்கு இல்லை. எங்களுக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. அதற்காகக் காத்திருப்பதா, இப்போதே செய்துகொள்வதா? அறுவை அரங்கில் உண்மையில் என்ன செய்கிறார்கள்? மெடிக்கல் எய்ட் (மாதச் சந்தா கட்டும் மருத்துவச் செலவுத் திட்டம்) செலவை ஏற்குமா? செய்துகொண்டவர்கள் எதையும் மறைக்காமல் சொன்னால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

டர்பன் பீனிக்ஸ் அக்கா எழுதியது:

அன்புத் தங்கைக்கு, நீங்கள் சொல்லும் புண்ணையும் பள்ளத்தையும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நானும் சுமந்தவள். என் ஆயாவுக்கும் இதே உடல்வாகு. முதுகு வலியென்று அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லலாம் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

2018இல், இரண்டு பிள்ளைகளும் வளர்ந்த பிறகு, என் 41ஆவது வயதில் செய்துகொண்டேன். வியர்வை குறைவான காலத்தில் தையல் ஆறட்டும் என்பதற்காகவும், பிள்ளைகள் வீட்டில் உதவியாக இருப்பார்கள் என்பதற்காகவும் இங்கு குளிர்காலமான ஜூலை மாதப் பள்ளி விடுமுறையைத் தேர்ந்தெடுத்தேன். முழு மயக்கத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 700 கிராம் எடுத்ததாகச் சொன்னார்கள். இரத்தமும் நீரும் வடிவதற்காக வைத்த குழாய்களை மறுநாள் எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் அஞ்சிய அளவுக்கு வலி இல்லை. ஆனால் முதல் வாரம் கையைத் தூக்கித் தலைவாரக்கூட முடியவில்லை. ஆறு வாரம் இரவும் பகலும் இறுக்கமான பிரா அணிந்திருந்தேன். கார் ஓட்ட மூன்றாவது வாரம் ஆயிற்று.

நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். உடல் நன்றாக இருக்கிறது என்று எண்ணி, நான்காவது வாரமே கோயில் அன்னதானத்துக்குப் போய்ப் பெரிய பிரியாணிப் பானையைத் தூக்கக் கை கொடுத்தேன். இரண்டு நாளில், செங்குத்துத் தையலும் அடிமடிப்புத் தையலும் சந்திக்கும் இடம் பிரிந்துவிட்டது. அது மூடும்வரை ஐந்து வாரம் நாள்தோறும் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. கனமானதைத் தூக்காதீர்கள் என்று மருத்துவர் சொன்னால், அதில் பானையும் மளிகைப் பையும் பிள்ளையும் அடக்கம்.

இடது முலைக்காம்பில் இன்றும் உணர்ச்சி குறைவு. தழும்புகள் வெளிறிவிட்டன, ஆனால் மறையவில்லை. இவ்விரண்டையும் அறிந்தேதான் ஒப்புக்கொண்டேன். மயக்கம் தெளிந்த மறுநாள் காலை எழுந்து உட்கார்ந்தபோது, மார்பு முழுவதும் கட்டு இருந்தும் தோள்கள் லேசாக இருந்தன. அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் நிறைகிறது.

மாரிட்ஸ்பர்க் செவிலியர் எழுதியது:

அறுவை அரங்கில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், பால் கொடுப்பது பற்றிய கேள்விக்கு முதலில் வருகிறேன்.

பெரும்பாலான அறுவைகளில் முலைக்காம்பையும் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் முழுவதுமாக அறுத்தெடுப்பதில்லை. இரத்தக் குழாய்களும் நரம்பும் ஓடும் ஒரு திசுத் தண்டோடு அதைச் சேர்த்தே வைத்துக்கொண்டு, சுற்றிலுமுள்ள மிகுதியான சுரப்பியையும் கொழுப்பையும் தோலையும் நீக்கி, தண்டோடு இருக்கும் அந்தப் பகுதியை மேலே உயர்த்தித் தைக்கிறார்கள். தண்டின் வழியாகப் பால் நாளங்கள் எவ்வளவு எஞ்சுகின்றனவோ அதைப் பொறுத்தே பின்னாளில் பால் சுரந்து வெளிவரும். எனவே உங்கள் சர்ஜனிடம், "எந்தப் பக்கத்துத் தண்டை வைத்திருப்பீர்கள், காம்புக்கு நேர் அடியிலுள்ள சுரப்பித் திசுவைத் தொடாமல் விடுவீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். மார்பகம் மிக மிகப் பெரிதாக இருக்கும் சிலருக்குக் காம்பைத் தனியே எடுத்து ஒட்ட நேரலாம். அப்படிச் செய்தால் பால் கொடுக்க இயலாது, உணர்ச்சியும் பெரும்பாலும் போய்விடும். மற்றவர்களில் பலர் ஓரளவு கொடுக்கிறார்கள், சிலர் முழுமையாகவே கொடுக்கிறார்கள். முன்கூட்டியே உறுதி தர எவராலும் முடியாது. உறுதி தருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

தழும்பு பொதுவாக இரு வடிவங்களில் விழும். ஒன்று, கருவட்டத்தைச் சுற்றி வந்து நேர்கீழே இறங்குவது. மற்றொன்று, அதோடு அடிமடிப்பிலும் குறுக்கே ஓடி நங்கூரம் போல அமைவது. மிகுதியாக எடுக்க வேண்டியவர்களுக்கு இரண்டாவதே பெரும்பாலும் பொருந்தும். புகைபிடிப்பவர்கள் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும்; நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் காம்பே கருகிப்போகும் அபாயம் உண்டு. எடுக்கும் திசுவை நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்பிப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 40 வயதைக் கடந்தவர்களுக்கும், தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருப்பவர்களுக்கும் முன்னதாகவே மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) எடுக்கச் சொல்வார்கள்.

இனிச் செலவு. சட்டப்படி எல்லா மெடிக்கல் எய்ட் திட்டங்களும் ஏற்க வேண்டிய குறைந்தபட்ச நலன்களின் பட்டியலில் இது பொதுவாக வருவதில்லை. பல திட்டங்கள் இதை அழகு சிகிச்சை என்று விலக்கியே வைத்திருக்கின்றன. ஆகவே இது ஏன் மருத்துவத் தேவை என்று மருத்துவர் திட்டத்துக்கு விளக்கி எழுதும் மோட்டிவேஷன் கடிதம் மிகவும் முக்கியம். புண்ணுக்காக மருத்துவரிடம் போன தேதிகள், பிசியோதெரபி பதிவுகள், தோள் பள்ளத்தின் படங்கள், ஒவ்வொரு பக்கமும் எத்தனை கிராம் எடுக்க வேண்டியிருக்கும் என்ற சர்ஜனின் மதிப்பீடு ஆகியவை அதில் இருக்கட்டும். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் பல, உடற்பரப்பளவையும் எடுக்கும் எடையையும் ஒப்பிட்டு 1991இல் ஷ்னர் என்ற மருத்துவர் வெளியிட்ட அட்டவணையை வைத்தே முடிவு செய்கின்றன. இங்கும் அந்தக் கிராம் கணக்கு கடிதத்துக்கு வலுச் சேர்க்கும். மறுத்தால் திட்டத்திடமே மேல்முறையீடு செய்யலாம், அதற்குப் பின் இத்திட்டங்களைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலிடம் முறையிடலாம். சர்ஜன், மயக்க மருத்துவர், மருத்துவமனை ஆகிய மூவரும் தனித்தனியே பில் அனுப்புவார்கள் என்பதால் மூன்று மதிப்பீடுகளையும் எழுத்தில் வாங்குங்கள். திட்டம் தரும் தொகைக்கும் மருத்துவர் கேட்கும் தொகைக்கும் உள்ள இடைவெளியை ஈடுகட்டும் கேப் கவர் காப்பீடு, திட்டம் மறுத்த அறுவைக்குப் பொதுவாக உதவாது.

அரசு மருத்துவமனை வழியும் உண்டு. உங்கள் ஊர் ஆர்.கே. கான் மருத்துவமனையிலிருந்து பரிந்துரை பெற்று, பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். தீக்காயமும் விபத்தும் புற்றுநோயும் அங்கு முன்னே நிற்பதால் காத்திருப்பு நீளும். தனியார் என்றால், சர்ஜன் பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணராகப் பதிவு பெற்றவர்தானா என்பதை மருத்துவர்களைப் பதிவு செய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் பார்த்துவிட்டே போங்கள்.

லெனேசியாவிலிருந்து ஒரு தாய் எழுதியது:

நான் 26 வயதில் அறுவை செய்துகொண்டு 31 வயதில் பிள்ளை பெற்றேன். தாய்ப்பால் வந்தது, ஆனால் போதவில்லை. முதல் இரண்டு வாரம் குழந்தையின் எடையை அடிக்கடி பார்த்து, ஒவ்வொரு முறையும் முதலில் மார்பில் விட்டு, பிறகு ஃபார்முலா பால் கொடுத்தேன். ஏழு மாதம் அப்படியே நடந்தது. கர்ப்பத்தில் மார்பகம் மீண்டும் பெருத்தது. பின்னர் சற்றுத் தளர்ந்தது, பழைய அளவுக்குப் போகவில்லை. ஓரிரு ஆண்டுக்குள் குழந்தை வேண்டுமென்றால், வடிவம் நிலைப்பதற்காகவாவது காத்திருக்கச் சொல்வேன். இன்னும் பல ஆண்டுகள் ஆகும் என்றால், அத்தனை ஆண்டும் அந்த வலியோடு இருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாட்ஸ்வர்த் ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் நன்றி. இந்தப் பதில்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பானைக் கதையை இரண்டாம் முறையும் கேட்டார். அடுத்த ஆண்டே குழந்தைக்கு முயல்வது என்று நானும் கணவரும் பேசியிருப்பதால், அதற்குப் பின் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். எனினும் சர்ஜனை இப்போதே பார்த்து, புண்ணையும் வலியையும் இன்றிலிருந்தே பதிவு செய்து வைக்கப் போகிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: நம் போன்ற தோலில் தழும்பு தடிக்கும் என்கிறார்களே, அதை முன்பே அறிய முடியுமா?

மாரிட்ஸ்பர்க் செவிலியர் எழுதியது:

நிறம் கூடிய தோலில் தழும்பு தடிப்பதும், காயத்தின் எல்லையைத் தாண்டிப் புடைக்கும் கெலாய்டாக வளர்வதும் அதிகம் என்பது உண்மை. உங்கள் பழைய காயங்களைப் பாருங்கள்: காது, மூக்கு குத்திய இடம், கையில் காசநோய்த் தடுப்பூசி போட்ட இடம் ஆகியவை உருண்டு தடித்திருக்கின்றனவா? வீட்டில் யாருக்கேனும், காவடிக்கு வேல் குத்திய இடத்திலோ சிசேரியன் தையலிலோ அப்படி வந்திருக்கிறதா? இருந்தால் முதல் சந்திப்பிலேயே சர்ஜனிடம் காட்டுங்கள். தையல் மூடியதும் சிலிக்கான் பட்டை ஒட்டுவதும், தடிக்கத் தொடங்கினால் உடனே ஸ்டீராய்டு ஊசி போடுவதும் பயன் தரும்; தடித்து முற்றிய பிறகு வந்தால் அவ்வளவு கேட்காது. இப்போது வரும் புண்ணுக்கு, குளித்ததும் மடிப்பை நன்றாக ஒற்றி உலர்த்தி, இடையில் மெல்லிய பருத்தித் துணி வையுங்கள். பூஞ்சைக் களிம்பை மருத்துவர் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் தடவுங்கள்.