கோவேறு கழுதையின் பிடிவாதம் அறிவா?

கேள்வி: மதுரையிலிருந்து தேனி மாவட்டத்து மலைக்கிராமமான குரங்கணிக்குச் சென்றிருந்தபோது, மூட்டை சுமந்து வந்த கோவேறு கழுதை ஒன்று, மழையில் மண் இளகியிருந்த பாதையோரத்தை முன்னங்காலால் தட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டுநர் எவ்வளவு அதட்டியும் அசையாமல் நின்றது. இது வெறும் பிடிவாதமா?

பதில் 1: அறிவுதான் ஐயா. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் இது, ஆபத்தைக் கண்டால் குதிரையைப் போல மிரண்டு ஓடாமல், கழுதையைப் போல நின்று நிதானிக்கும். வடிவங்களை வேறுபடுத்தி அறியும் சோதனை ஒன்றில் தாய் தந்தை இனங்கள் இரண்டையும் விடச் சிறப்பாகக் கற்றதாக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

பதில் 2: மரபுப் பண்புகளைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் குதிரைக்கு 64, கழுதைக்கு 62, இதற்கு 63; ஒற்றைப்படையாக இருப்பதால் அவை சரியாக இணை சேர்வதில்லை, அதனால்தான் பெரும்பாலும் குட்டி போடுவதில்லை. குளம்போ குதிரையுடையதை விடக் குறுகலானது, உறுதியானது.

கேட்டவர்: நன்றி. மூட்டையை இறக்கி உட்புறமாக நடத்தியதும், அது தானாகவே நடந்தது.